எந்தக் கட்சி என்ற கட்டம்

மெட்டில்டா டீச்சர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது அவருடைய கணவர் சுந்தர்சிங்குக்கே தெரியாது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. தேர்தல் வேலைக்குப் போகும் டீச்சர்களுக்குத் தபால் ஓட்டு. சீட்டு கோவிலம்பாக்கம் வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார், ஜன்னல் திரையை இழுத்துவிடுவார், என்ன காரணமோ மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். ஒருமுறை மனிதர் ஆசை தாங்காமல், "எனக்கு மட்டும் சொல்லேன் மெட்டி" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார். "ரகசிய வாக்கெடுப்புன்னா என்னன்னு எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் புரியுது. உங்களுக்குத் தனியா டியூஷன் எடுக்கணுமா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்று மத்தியானம் அவருக்கு ரசமும் அப்பளமும்தான்.

இந்த நடுநிலைமை சும்மா வந்துவிடவில்லை. மெட்டில்டாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, குரோம்பேட்டையில் அவருடைய அப்பா சர்ச் கமிட்டித் தேர்தலில் நின்றார். நாடாளுமன்றத் தேர்தலெல்லாம் சர்ச் தேர்தலிடம் பிச்சை வாங்க வேண்டும், பட்டவர்களுக்குத் தெரியும். அப்பா மூன்று ஓட்டில் தோற்றார். அந்த மூன்று பேர் யார் என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று பாதிச் சபையோடு பேச்சை முறித்துக்கொண்டார். அந்தப் பாதியில்தான் மெட்டில்டாவின் உயிர்த்தோழி இருந்தாள். பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு பாடிய இரண்டு பெண்களும் அதற்கப்புறம் ஆறு வருஷம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினார்கள். உயிருள்ளவரை எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்று மெட்டில்டா முடிவெடுத்தது அப்போதுதான்.

அவர் வேலை பார்ப்பது பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சல் எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். பெயர் வேண்டாம், சொன்னால் எந்தத் தொகுதி, யார் ஜெயித்தார் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். சமூக அறிவியல் டீச்சர். பழைய தலைமையாசிரியை ஓய்வு பெற்றுப் போன இடத்துக்கு வருஷக் கணக்காக யாரையும் போடாததால், பொறுப்புத் தலைமையாசிரியையும் இவரே. ஆசிரியர் சங்கங்கள் மூன்று உண்டு, மூன்றிலும் உறுப்பினர். மூன்றும் ஒரே நாளில் கூட்டம் போட்டால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வரும். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்தப் பள்ளி வாக்குச்சாவடியும்கூட. வேட்பாளர் யாருடைய சின்னத்தையும் நினைவூட்டும் படம் வாக்குச்சாவடிச் சுவரில் இருக்கக் கூடாது. மற்ற பள்ளிகளில் ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் நாலு படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைப்பார்கள், வேலை முடிந்தது. மெட்டில்டா டீச்சரோ தேர்தல் தேதி அறிவித்த அன்றே, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதக் கட்டோடு கிளம்பிவிடுவார். பூ, காய், பழம், விளக்கு, வண்டி, வீட்டுச் சாமான்... எது எவருக்குச் சின்னமாகப் போகுமோ, யார் கண்டது? எல்லாவற்றுக்கும் காகிதம்தான். ஆறாம் வகுப்பு எழுத்து அட்டையில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே இருக்கும் படம் மறைந்து, எழுத்துகள் மட்டும் அநாதையாக நிற்கும். சந்தேகம் கேட்கும் பிள்ளைகள் கையை விரித்துத் தூக்கக் கூடாது, இரண்டு விரலைக் காட்டவும் கூடாது. "அப்ப பாத்ரூம் போகணும்னா எப்படி மிஸ் கேக்குறது?" என்று ஒருத்தி எழுந்தாள். "வாய் எதுக்குடி இருக்கு? கேளு" என்றார்.

கேட்டுவிட்டுப் போனாலும் பாத்ரூமில் தண்ணீர் வேண்டுமே! அந்த வருஷத்துப் பேஜாரே அதுதான். போர்வெல் மோட்டார் கருகிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எண்ணூறு பெண்கள், பதினான்கு கழிப்பறைகள், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆசிரியைகளுக்கு மட்டும் ஆயாம்மா எதிர்த் தெருக் கைபம்பில் அடித்து இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பார். மெட்டில்டா டீச்சர் கல்வி அலுவலகத்துக்கு மூன்று மனு அனுப்பினார், மூன்றும் சுத்தமான தமிழில். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருப்பதால் புதிய பணி எதையும் தொடங்க இயலாது என்று பதில் வந்தது. கருகின மோட்டாரைச் சரி பண்ணுவது புதுப் பணியா? வேறொருவராக இருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார். இவர் அந்தப் பதிலையும் கோப்பில் வைத்து நூல் கட்டினார். சண்டை போட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும் அல்லவா, அந்தப் பயம்.

பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் ருக்ஸானா என்ற பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலாகி, எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பை தைத்து விற்கும் ஹனீஃபாவின் மகள். ஆடிட்டராகப் போகிறேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். ஒன்பதாம் நாள் வந்தாள்.

அது ஒரு புதன்கிழமை. காலைப் பிரேயர் முடிந்து எல்லோரும் வகுப்புக்குக் கிளம்ப, பதினொன்று பி மட்டும் மைதானத்தில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மெட்டில்டா டீச்சர் செருப்புச் சத்தம் கேட்க ஓடி வந்தார். அறுபத்திரண்டு பேர். ஒருத்தி சடையிலும் பள்ளிக்கூடத்துப் பச்சை ரிப்பன் இல்லை. எல்லாச் சடைக்கும் சணல் கயிறு. நடுவில் பழுப்புக் காகிதத்தில் ஒரு பேனர், அதுவும் பென்சிலால் எழுதியது. குனிந்து கண்ணாடியைத் தூக்கிப் படித்தால்தான் தெரிந்தது: தண்ணீர் வேண்டும், இப்படிக்குத் தாகம் எடுத்தும் குடிக்காதவர்கள்.

"என்னடி இது?"

ஜெரூஷா எழுந்து நின்றாள். டீச்சருடைய சர்ச்சிலேயே பாடகர் குழுவில் பாடுகிறவள். "போராட்டம் மிஸ்."

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் மிஸ்."

"நானா!"

"போன வருஷம் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்துனீங்கல்ல மிஸ்?" என்றாள் ருக்ஸானா, உட்கார்ந்தபடியே. இன்னும் முகம் வெளிறித்தான் இருந்தது. "அமைதியா, ஆயுதம் இல்லாம ஒண்ணுகூடுற உரிமை. அஞ்சு மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்னு ரெண்டு தடவை அடிக்கோடு போடச் சொன்னீங்க. பரீட்சைல வரவே இல்ல மிஸ்."

"ரிப்பன் எங்கடி?"

"பச்சை மிஸ். ஏதாவது ஒரு கட்சிக்குப் போயிடும்."

"கோஷம் ஒண்ணும் காணோம்?"

"எந்தக் கோஷம் போட்டுப் பாத்தாலும் யாரோ ஒருத்தரோட ராகத்துல வருது மிஸ்" என்றாள் ஜெரூஷா. "அதான் விட்டுட்டோம்."

திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மெட்டில்டா டீச்சர் பேனரை இன்னொரு தடவை படித்தார். எங்கே குற்றம் கண்டுபிடிப்பது? எல்லாம் அவருடைய சட்டப்படியே நடந்திருந்தது. பயம் வந்தது, ஆனால் பயத்துக்கு முன்னால் பெருமை வந்துவிட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் அரை மணி நேரத்தில் தெருவுக்குப் போய்விட்டது. ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் சின்னப்பன் பத்துப் பேரோடு வந்தார். எதிர்க் கட்சி மகளிர் அணியின் கங்கம்மா பன்னிரண்டு பேரோடு வந்தார். வந்தவர்கள் கேட்டுக்கு வரவில்லை. ஏனென்றால் கேட்டிலிருந்து சரியாக நூறு மீட்டரில், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. ஓட்டுப் பதிவு அன்று வாக்குச்சாவடிக்கு முன்னால் போடுவார்களே, அந்தக் கோடு. அதைத் தாண்டிக் கட்சிக்காரன் வந்தால் போலீஸ் சட்டையைப் பிடிக்கும். காலை ஏழு மணிக்கே வந்து, ஸ்போர்ட்ஸ் ரூம் டேப்பால் அளந்து, சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார்கள் இந்தப் பெண்கள். அன்றைக்கு ஓட்டும் இல்லை, போலீஸும் இல்லை. ஆனாலும் இத்தனை தேர்தல் பார்த்த கால் ஆயிற்றே, இரண்டு கூட்டமும் கோட்டைக் கண்டதும் தானாக நின்றுவிட்டது.

"இன்னா டீச்சர்! புள்ளைங்க வெயில்ல குந்திகினு கீது, கேக்க நாதியில்ல!" என்று அங்கிருந்தே கத்தினார் சின்னப்பன். "நம்ம கட்சி ஃபுல் சப்போர்ட்டு!"

"யோவ், குந்த வெச்சதே நீதான்யா!" என்றார் கங்கம்மா. "புள்ளைங்கள வெச்சு ஓட்டு கேக்கறியே, வெக்கமா இல்ல உனுக்கு?"

ஜெரூஷா கோடு வரைக்கும் நடந்து போனாள். "அண்ணா, வேட்டிக் கரை தெரியுது. கொஞ்சம் மடிச்சுக் கட்டிக்கோங்க. யாராவது போட்டோ எடுத்தா நாங்க உங்க கட்சி ஆயிடுவோம்." சின்னப்பன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மடித்துக் கட்டினார். கங்கம்மா கெக்கெக்கே என்று சிரித்தார். "அக்கா, உங்க முந்தானையும்" என்றாள் ஜெரூஷா. சிரிப்பை நிறுத்திவிட்டு அவரும் சுருட்டி இடுப்பில் செருகினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதில், எதற்கு வந்தோம் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. வெயில் ஏறியதும் கலைந்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியது கண்காணிப்பாளர் கிரீஷ்.

"மேடம், நாலு மணிக்குள்ள ஆன்லைன்ல ரிப்போர்ட் ஏத்திடுங்க. முன்ன நின்ன ரெண்டு பேர் பேரு, தூண்டினது யாரு, எந்தக் கட்சி. அந்த ரெண்டு பேருக்கும் டி.சி. குடுத்து அனுப்பிட்டீங்கன்னா மத்ததுங்க தானா எழுந்து கிளாஸுக்குப் போயிடும்."

"கட்சி எதுவும் இல்ல சார். தண்ணி இல்ல, அதான் உட்கார்ந்திருக்காங்க."

"தண்ணி இல்லையா?" கிரீஷ் சிரித்தார். "போன வாரம் நீங்க அனுப்பின வாக்குச்சாவடி வசதிப் படிவம் என் கையில இருக்கு மேடம். சாய்தளம் உண்டு, மின்சாரம் உண்டு, கழிப்பறையில் தண்ணீர் உண்டு. கீழ உங்க கையெழுத்து. அப்ப பொண்ணுங்கதானே பொய் சொல்றாங்க? அவங்களைப் பொய் சொல்ல வெச்சது யாரு?"

மெட்டில்டா டீச்சருக்கு அந்தப் படிவம் நன்றாக நினைவிருந்தது. எலியேசர்தான், பள்ளி அலுவலகத்து இளநிலை உதவியாளர், நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார். கோடையில் போர்வெல் வற்றிவிடும்; ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதைதான். ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் ஒரு டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்பும்; ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு ஒரு நாள் தண்ணீர். ஆகவே 'உண்டு'. ஏழு தேர்தலாக 'உண்டு' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை, நடைமுறை என்றுதான் சொன்னார்கள்.

"கட்சிக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது மேடம்" என்றார் கிரீஷ். "இல்லைன்னு போட்டா மேல இருந்து திருப்பி அனுப்புவாங்க. ஏதோ ஒண்ணு யோசிச்சுப் போடுங்க." போன் வைக்கப்பட்டது.

எலியேசர் நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "மேடம், காலைல சின்னப்பன் வந்தாரு, கங்கம்மாவும் வந்தாங்க. ரெண்டு பேரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டுடலாம். எது வருதோ அந்தக் கட்சி. நம்ம பேர்ல யாரும் சார்புன்னு சொல்ல முடியாது பாருங்க."

அட, இதிலென்ன கொடுமை என்றால், ஒரு நிமிஷம் மெட்டில்டா டீச்சர் அதை யோசித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் அப்படி. அப்புறம் அந்தக் கட்டத்துக்கு மேலே இருக்கும் கட்டம் ஞாபகம் வந்தது. இரண்டு பெயர். ருக்ஸானா, ஜெரூஷா. வருஷக் கடைசியில் கட்சித் தூண்டுதல் என்ற பெயரோடு டி.சி. வாங்கிப் போகிற பெண்ணை எந்தப் பள்ளி சேர்க்கும்? பன்னிரண்டாம் வகுப்பும் இல்லை, ஆடிட்டரும் இல்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து மைதானத்துக்குப் போனார். உச்சி வெயில். பெண்கள் வேப்பமரத்து நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் மூடி திறக்காத பாட்டில்.

"ஏன்டி, இந்த வெயில்ல ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன?" என்று ருக்ஸானாவைக் கேட்டார். "டாக்டர் உன்னை நிறையக் குடிக்கச் சொல்லலையா?"

"சொன்னாரு மிஸ். குடிச்சிட்டு எங்க போறது?"

இரண்டு குடம் தண்ணீர் வைத்திருக்கும் ஆசிரியைகள் கழிப்பறை அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. மெட்டில்டா டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. சேலை கசங்குவதைப் பார்க்காமல் அவர்களுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "தண்ணி உண்டுன்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்டி" என்றார். "போன வாரம். வாக்குச்சாவடிக்காக."

ருக்ஸானா மெதுவாகக் கேட்டாள்: "படிச்சுப் பாக்காமப் போட்டுட்டீங்களா மிஸ்?"

இல்லை என்று சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். "படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்."

அந்தப் பெண்கள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தியும் கத்தவில்லை. ஜெரூஷா தன் நோட்டை எடுத்து, டீச்சருடைய தலைக்கு மேல் வெயில் படாமல் பிடித்தாள். அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து விறுவிறுவென்று ஆபீஸுக்கு நடந்தார்.

"எலியேசர், கம்ப்யூட்டரைத் திறங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க. முன்னின்ற மாணவியர் கட்டத்துல, பதினொன்று பி வருகைப் பதிவேடு முழுக்க, அகர வரிசையில."

"அறுபத்து மூணு பேருமா மேடம்? ஹெப்சி இன்னைக்கு வரவே இல்லையே. பல்வலி."

"அவ பேருக்குப் பக்கத்துல விடுப்புன்னு போடுங்க. அடுத்தது, தூண்டியவர் பெயர். மெட்டில்டா சுந்தர்சிங், பொறுப்புத் தலைமையாசிரியை."

எலியேசரின் கைகள் கீபோர்டை விட்டு எழும்பின. "மேடம்! வேணாம் மேடம்! உங்க சர்வீஸ்..."

"அடிங்க. தூண்டிய விதம்: ஒன்று, அடிப்படை உரிமைகள் பாடத்தை நடத்தியது. இரண்டு, இல்லாத தண்ணீரை உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டது. எடுத்த நடவடிக்கை: எந்த மாணவிக்கும் மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படவில்லை. மோட்டார் நான்காம் முறையாகக் கோரப்படுகிறது."

எலியேசர் வியர்த்து வழிய அடித்தார். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரத்தோடு நின்றது: சார்ந்த கட்சி. காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தார். கணினி மறுத்தது.

மெட்டில்டா டீச்சர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அப்புறம் எலியேசரை எழுந்திருக்கச் சொல்லி, தானே உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். 'பதினொன்றாம் வகுப்பு, பி பிரிவு.' கணினி ஒரு பேச்சும் பேசாமல் ஏற்றுக்கொண்டது. தவறான படிவம் போன இடத்துக்குத் திருத்தம் போவதுதானே முறை? தேர்தல் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினார்.

ஐந்து மணிக்குக் கிரீஷ் போனில் அலறினார். "என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? தேர்தல் ஆபீஸுக்கு எதுக்கு அனுப்பினீங்க? வாக்குச்சாவடில தண்ணி இல்லைன்னு அங்கேருந்து எங்களைக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சுறாங்க! உங்களுக்கு மெமோ வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் சார்" என்றார் மெட்டில்டா டீச்சர். "அப்படியே மோட்டாரும் வரட்டும்."

மறுநாள் பத்து மணிக்கு இரண்டும் ஒரே வேனில் வந்தன. மூன்று வாரமாகப் புதுப் பணியாக இருந்த மோட்டார் அன்றைக்கு அவசரப் பணியாகிவிட்டிருந்தது. மெமோவை டிரைவர் நீட்டினார். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். மெட்டில்டா டீச்சர் படித்துப் பார்த்துவிட்டுப் பெற்றுக்கொண்டேன் என்று உடனே கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் மோட்டாரை மாட்டி முடித்த மெக்கானிக், வேலை முடிந்தது என்ற தாளை நீட்டினார். "சைன் பண்ணிக் குடுங்கம்மா, அடுத்த ஸ்கூலுக்குப் போவணும்."

"இருப்பா" என்று சொல்லிவிட்டு, மெட்டில்டா டீச்சர் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே பதினொன்று பி முழுக்க நடந்தது, பல்வலி சரியாகிவிட்ட ஹெப்சியும் சேர்த்து. முதல் குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறந்தார். மெக்கானிக் வாசலில் நின்று, "நேரமாவுதும்மா" என்று முனகிக்கொண்டே இருந்தார். டீச்சர் காதில் வாங்கவில்லை. பதினான்காவது குழாயிலும் தண்ணீர் வந்து, அதில் கையை நீட்டி நனைத்துப் பார்த்த பிறகு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.